ஐம்பத்தெட்டாயிரத்து ஐநூற்று ஒன்று

எங்கள் துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் சால்னா கேட்டு வருகிறவர்கள். கீழே புரோட்டாக் கடை, மேலே நாங்கள். அவர்கள் போர்டு பெரியது, எங்கள் போர்டு சின்னது, படிக்கட்டு ஒன்றுதான். அதனால் அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தபோது, "பார்சல் கீழ வாங்கணும்மா" என்றேன்.

"துப்பறியுறது இங்கனதான?" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

என் பெயர் இனியவன். அம்மா ஆசையாக வைத்த பெயர், பழகியவர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஜீப்பு ஓட்டுவேன், ஆளைப் பின்தொடர்வேன், வாயை மட்டும் மூட மாட்டேன். என் முதலாளி சூர்யகலா அக்கா. போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் பன்னிரண்டு வருஷம் சாம்பிள் பார்த்தவர். இன்றைக்கும் கையில் ஒரு பிடி ஏலக்காய் இல்லாமல் அவருக்கு யோசனை ஓடாது. உள்ளங்கையில் உருட்டி நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே இருப்பார். என்னையும் ஒருநாள் இப்படிப் பிரித்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம் உண்டு.

வந்தவள் பெயர் சுஜாதா. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருப்பவள். கருவிழி என்ற கம்பெனி, திரையும் டப்பாவும் ஒன்றாகச் சேர்ந்த ஆல் இன் ஒன் கம்ப்யூட்டரை அடுத்த வாரம் இறக்கப் போகிறது. தேனி மாவட்டத்துக்கே இவள்தான் ஏஜெண்டு. கடை வாசலில் ஒரு மாதமாக, 'விரைவில் வருகிறது! என்ன விலை? எத்தனை இஞ்ச் திரை?' என்று ஒரு பேனர் தொங்குகிறது.

அந்தப் பேனர் போடியைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஏலக்காய் விலை நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று பேசியே வளர்ந்த ஊர் இது. ஏலம் இல்லாத நாட்களில் வியாபாரிகளுக்கு வாய் அரிக்கும். அந்த நேரம் பார்த்து ஒருத்தி 'என்ன விலை?' என்று பேனர் கட்டினால் சும்மா விடுவார்களா?

"கம்பெனி எனக்கு ரகசியமா விலையும் திரை விவரமும் அனுப்புச்சுக்கா. சீல் வச்ச கவரு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ஆனா ஒச்சம்மா அத்தை டீக்கடை போர்டுல அதே விலை, ஒரு ரூபா பிசகாம எழுதிருக்கு. எவனோ போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டு, கம்பெனி வரைக்கும் போயிருச்சு."

"சரி. அவுக என்ன சொல்றாக?" அக்கா கேட்டார்.

"நான்தான் சொல்லிட்டேங்கிறாக. சாயங்காலம் நாலு மணிக்கு மதுரையிலருந்து அருணாங்கிற ஆபீசரு வர்றாக. ஏஜென்சிய ரத்து பண்ணி, போர்டைக் கழட்டிட்டுப் போகப் போறாகளாம். முதல்ல வேற ஆளுதான் வர்றதா இருந்துச்சு. இந்தம்மா 'நானே போறேன்'னு கேட்டு வாங்கிக்கிட்டாகளாம். அம்புட்டுக் கோவம்போல." அவள் குரல் உடைந்தது. "மதுரையில ஒருத்தர் கடையில எட்டு வருஷம் கை கட்டி நின்னேன்க்கா. இப்பதான் என் பேர் போட்ட போர்டு. பெயிண்டு வாசம்கூட இன்னும் போகல."

அழுகிறவர்களைப் பார்த்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் அதிசயம் அது.

அக்கா கம்பெனிக் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஏலக்காய் சாம்பிளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன்.

"இருபத்துநாலு இஞ்ச், விலை ஐம்பத்தெட்டாயிரத்து ஐநூற்று ஒன்று. இருபத்தேழு இஞ்ச், எழுபத்துநாலாயிரத்து ஐநூற்று ஒன்று. இரண்டுமே மினுமினுப்பு இல்லாத திரை. சிறப்பு வசதி, பச்சை நிறத்தை அசல் பச்சையாகக் காட்டும் 'ட்ரூ கிரீன்' மோடு. எங்கள் சந்தை ஆய்வில் நாற்பது வாடிக்கையாளர்கள் ஒருமனதாகத் தெரிவித்த விருப்பத்தின்படி இவை முடிவு செய்யப்பட்டன."

"என்ன தெரியுது?" என்றார் அக்கா.

"இருபத்தேழு இஞ்சுல சீரியல் பாத்தா மாமியார் கண்ணீரு கீபோர்டுல சொட்டும்னு தெரியுது."

"டேய் இனியா. நம்ம ஊர்ல நாலு பேரு ஒரு டீக்குச் சீனி எவ்வளவுங்கிறதுல ஒத்துப்போக மாட்டாக. நாப்பது பேரு எப்படி ஒரே விலை சொன்னாக?" அக்கா ஏலக்காயைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வண்டிய எடு. டீக்கடைக்குப் போவோம்."

ஒச்சம்மாள் அத்தையின் டீக்கடை ஏல மையத்துக்கு எதிரே இருக்கிறது. அன்று ஏலம் இல்லை. ஆனாலும் பெஞ்சு நிறைந்திருந்தது. முன்பு இட்லி, வடை என்று எழுதியிருந்த கரும்பலகையில் இப்போது மேலிருந்து கீழ்வரை கம்ப்யூட்டர் விலை.

"நாப்பத்தொம்பதாயிரத்துக்கு மேல வச்சா ஒரு பய வாங்க மாட்டான்" என்று மேஜையைத் தட்டினார் ஒரு வெள்ளைச் சட்டை.

"இருபத்திரெண்டு இஞ்சு போதும்யா. கம்ப்யூட்டர்லதான ஏலம் கேக்குறோம், பெருசா இருந்தா நான் கேக்குற விலை பின்னாடி இருக்கவனுக்குத் தெரிஞ்சுரும்" என்றது இன்னொரு வெள்ளைச் சட்டை.

"திரை மினுமினுன்னு இருந்தாத்தான்யா மதிப்பு."

"மினுமினுன்னு இருந்தா உம்ம வழுக்கைதான் அதுல தெரியும்."

இரண்டு பேர் எழுந்தார்கள், நான்கு பேர் உட்கார வைத்தார்கள். இன்னும் வராத பெட்டிக்கு ஊரே சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் ஐம்பத்திரண்டாயிரம் என்று ஒரு சீட்டுப் போட்டிருந்தேன், அதை அக்காவிடம் சொல்லவில்லை.

பலகையில் எந்த விலைக்கும் பக்கத்தில் பெயர் இல்லை. அக்கா காரணம் கேட்டார்.

"பேரைப் போட்டா அடிச்சுக்கிருவாங்க தாயி" என்றார் ஒச்சம்மாள் அத்தை, டீயை ஆற்றிக்கொண்டே. "நெனச்ச விலையச் சீட்டுல எழுதி இந்த டின்னுல போடணும். நான் விலைய மட்டும் போர்டுல ஏத்துவேன். எவன் சொன்னது ஒத்து வருதோ அவனுக்கு ஒரு மாசத்துக்கு டீ சும்மா."

"அந்தச் சீட்டெல்லாம் இருக்கா அத்தை?"

"பரிசு குடுக்கணும்ல, வச்சிருக்கேன்."

டின்னைக் கவிழ்த்தார். சீட்டு என்றால் தினக் காலண்டர் தாள். காலையில் அன்றைய தாளைக் கிழித்து நான்காக மடித்து வெட்டி, அதில்தான் கொடுப்பாராம். மீந்தால் அன்றைக்கே வடைக்கு அடியில் போய்விடும். அக்கா விரல்கள் தாள்களுக்குள் ஓடின. சொத்தைக் காயைப் பிடிப்பதுபோல ஒன்றைப் பிடித்து எடுத்தார்.

'24 இஞ்ச் 58,501. 27 இஞ்ச் 74,501. மினுமினுப்பு ஆகாது. பச்சை பச்சையாத் தெரியணும்.'

திருப்பினார். தேதி மூன்று.

"கம்பெனி உனக்கு லெட்டர் எழுதுன தேதி என்ன சுஜாதா?"

"பன்னெண்டு."

"சீட்டு எழுதி ஒம்பது நாள் கழிச்சுத்தான் லெட்டரே எழுதிருக்கான்."

சுஜாதாவுக்கு உயிர் வந்தது. "அப்ப என்கிட்ட இருந்து போகலன்னு ஆயிருச்சுல்லக்கா?"

"உனக்கும் எனக்கும் ஆயிருச்சு. வர்ற ஆபீசரு, காலண்டர் தாளை எப்ப வேணும்னாலும் எடுத்து எழுதலாம்பாங்க. ஆளைப் பிடிக்கணும்."

"எழுதுனவரு சோசியரா இருப்பாரோ?" என்றேன் நான். "ஆள் கிடைச்சா என் கல்யாணத்தப் பத்தியும் ஒரு வார்த்தை கேக்கணும்."

அக்கா காதில் வாங்கவில்லை. "இனியா, கம்ப்யூட்டரு, டிவி, செருப்பு எதுவா இருக்கட்டும், கம்பெனிக்காரன் விலை எதுல முடியும்?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல. ஒரு ரூபா குறைச்சு நம்ம கண்ணைக் கட்டுவான்."

"இது ஏன் ஒண்ணுல முடியுது?"

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அக்கா சொன்னார். "ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்து ஒண்ணுன்னு மொய் எழுதுறவன் போட்ட விலைடா இது. அத்தை, இந்த ஊர்ல எல்லாத்துலயும் ஒண்ணு சேத்துச் சொல்றது யாரு?"

பெஞ்சில் இருந்த அத்தனை வெள்ளைச் சட்டைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். "வீரணன்!"

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் வீரணன். முழு எண்ணில் நிறுத்தினால் காரியம் அதோடு நின்றுவிடும், ஒன்று சேர்த்தால் வளரும் என்பது அவர் கட்சி. ஏலத்தில் இரண்டாயிரம் என்று எவனாவது கேட்டால் முகம் சுளிப்பாராம். வயதைக் கேட்டால்கூட அறுபது முடியும்போதே அறுபத்தொன்று என்பாராம்.

சுஜாதாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு மலை ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சந்தேகம் சொன்னேன், அக்கா ஒவ்வொன்றையும் வெளியே வீசினார். பன்னிரண்டாவது வளைவில் எனக்கே என் மேல் சலிப்பு வந்துவிட்டது.

தோட்டத்து வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கியவன் அப்படியே நின்றேன். நிழல் மரங்களுக்கு அடியில் ஏலச் செடிகளுக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள் பெண்கள். ஒவ்வொருத்தர் தலையிலும், முக்காட்டுக்கு மேலே, நீலத் தொப்பி. தொப்பியில் வெள்ளை எழுத்தில் 'கருவிழி கம்ப்யூட்டர்ஸ்.'

"அக்கா, இவுக எல்லாம் சாஃப்ட்வேர்ல சேந்துட்டாகளா?"

"எண்ணு."

எண்ணினேன். பெண்கள் பதினெட்டு பேர். அதோடு நிற்கவில்லை. தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று. வேலிக் கல்லுக்கு வரிசையாகப் பதினேழு. உலர் கூடத்து ஜன்னல் கம்பியில் இரண்டு. கட்டுத்தறியில் நின்ற செவலைக் கன்றுக்குட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தின்றுகொண்டிருந்தது.

"நாப்பது" என்றேன். கம்பெனிக் கடிதத்தில் இருந்த அதே எண்.

வீரணன் உலர் கூடத்திலிருந்து வந்தார். கட்டையான ஆள், கையில் கட்டங்காப்பி. அதை ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆத்தா, வாப்பு. காப்பி சாப்பிடுறீகளா?"

"தொப்பி ஏதுண்ணே?" என்றார் அக்கா நேராக.

"அதுவா? போன மாசக் கடைசியில என்கூட ஜீப்புல ஏறி வந்த ஒரு பிள்ள குடுத்துச்சு. மூணாறு பாக்கப் போகுதாம். மூணாவது வளைவுல ஆரம்பிச்ச வாந்தி, மெட்டு வர்ற வரைக்கும் நிக்கல. பாவம், நான்தான் ரெண்டு ஏலக்காயக் குடுத்து வாயில அடக்கிக்கச் சொன்னேன். கொஞ்சம் தெளிஞ்சதும் பையிலருந்து பேப்பர் கட்டை எடுத்துருச்சு. போடியில நாப்பது பேருகிட்ட கேக்கணுமாம், கம்ப்யூட்டரு என்ன விலைக்கு வந்தா வாங்குவீக, திரை எப்படி வேணும்னு. 'அண்ணே, திரும்ப இறங்கி ஏற என்னால முடியாது, நீங்களே நாப்பது பேருக்கும் சொல்லிருங்க'ன்னு அழுகாத குறையாக் கேட்டுச்சு. சரின்னு சொன்னேன்."

"என்ன சொன்னீக?"

"எனக்கு என்ன தோணுச்சோ அதை. இருபத்துநாலுக்கு ஐம்பத்தெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு. மினுமினுப்புத் திரையில ஏலக்காய் எல்லாம் எண்ணெய் தடவுன மாதிரித் தெரியும், அது ஆகாது. அப்புறம் பச்சை. ஆத்தா, உங்களுக்குத் தெரியாததா? காய் பச்சைக்குத்தான விலை. என் மகன் வச்சிருக்க கம்ப்யூட்டர்ல முதல் தரக் காயும் வாடுன காய் மாதிரித்தான் தெரியுது. அதைத்தான் சொன்னேன். மூணு நாலு நாள் கழிச்சு இறங்குனப்ப அதையே டீக்கடைச் சீட்டுலயும் எழுதிப் போட்டேன்."

"நாப்பது பேர் பேரு?"

"தோட்டத்து ஆளுக பேரைச் சொன்னேன். பத்தல. மாடு கண்ணு, நாயி, மோட்டாரு ரிப்பேர் பாக்க வர்றவன் வரைக்கும் சொல்லி நிரப்புனோம். ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னு இருந்த தொப்பியையும் என்கிட்டயே தள்ளிருச்சு."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. அக்கா சிரிக்கவில்லை. ரோஸ் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது?"

"அந்தப் பிள்ளயோட பிளாஸ்க்கு மூடி. வண்டியில விட்டுட்டுப் போயிருச்சு. அளவா இருக்கு, ஒரு வாய்க் காப்பிக்கு."

"அண்ணே, ஒரு சோலி இருக்கு. கீழ வரணும், வெரசா. மூடியையும் கொண்டாங்க."

சங்கதியைக் கேட்டதும் வீரணன் பொருமினார். "நான் சொன்ன விலைக்கு அந்தப் பிள்ள சுஜாதா பழி சுமக்கவா?" என்று சொல்லி, அன்றைய வேலையை அரை நாளோடு முடித்தார். போடியிலிருந்து ஏறி வந்த பெண்கள் எப்படியும் இறங்க வேண்டியவர்கள்தான். பதினொரு பேர் என் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். தொப்பியைக் கழற்றச் சொன்னதற்கு ஒருத்தரும் சம்மதிக்கவில்லை.

சுஜாதாவின் கடையை நாங்கள் அடைந்தபோது நாலு மணி பத்து நிமிஷம். வாசலில் ஏணி சாத்தியிருந்தது. ஓர் ஆள் அதில் ஏறி போர்டின் ஒரு பக்கத்து ஸ்குரூவைக் கழற்றிவிட்டான். 'சுஜாதா' என்ற பெயர் சாய்ந்து தொங்கியது. கீழே சுஜாதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி விறைப்பாக எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் அருணா. பக்கத்தில் ரோஸ் கலர் பிளாஸ்க்கு. அதன் தலையில் மூடிக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"யார் நீங்க? இது கம்பெனி விஷயம்" என்றார் நிமிராமலே.

"துப்பறியும் சூர்யகலா. விலைய வெளிய விட்டது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"அதான் தெரியுமே. இந்த சுஜாதா."

"இல்ல. விலை கம்பெனியிலருந்து போடிக்கு வரல. போடியிலருந்துதான் கம்பெனிக்குப் போயிருக்கு." அக்கா ஒதுங்கி வழி விட்டார்.

வீரணன் உள்ளே வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, நீயா தாயி! வாந்தி நின்னுருச்சா? இந்தா, உன் மூடி."

டம்ளரை எடுத்துவிட்டு மூடியைத் திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அருணாவின் பேனா நின்றது. அதற்குள் பதினொரு நீலத் தொப்பிகள் கடைக்குள் வந்து நிறைந்துவிட்டன. முன்னால் நின்ற அன்னக்கொடி மேஜையில் இருந்த பைலை எட்டிப் பார்த்தாள். "யம்மா, என் பேரும் எழுதிருக்கியாம்ல? எனக்கு எத்தனை இஞ்சு பிடிக்கும்னு போட்டிருக்க?"

"அதுல செவலைங்கிற பேர்ல ஒரு பேப்பர் இருக்கும், பாருங்க மேடம்" என்றேன் நான். "அது கண்ணுக்குட்டி. ஐம்பத்தெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு குடுக்கத் தயாரா இருக்காம். தொப்பி ருசியா இருந்துச்சுன்னும் சொல்லச் சொல்லுச்சு."

அருணா கண்ணாடியைக் கழற்றினார். விறைப்பெல்லாம் போய்விட்டது. "மேல ஆபீஸ்ல அந்த ரிப்போர்ட்டைக் கொண்டாடினாங்க. நாற்பது பேர் ஒரே விலையைச் சொன்ன சந்தையை நாங்க பார்த்ததே இல்லைன்னு எனக்குப் பாராட்டு வேற. அப்புறம் அந்த டீக்கடைப் போர்டு போட்டோ வந்துச்சு. யாராவது தோண்டினா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

சுஜாதா முன்னே வந்தாள். அழுகை நின்றிருந்தது. "நீங்க பயந்ததுக்கு என் போர்டையா கழட்டுவீங்க?"

அருணா எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அக்கா ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தார். "சுஜாதா கவர்லருந்து எதுவும் கசியல, ஏஜென்சி தொடருதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க வேலையக் காப்பாத்துறது உங்க கையிலதான் இருக்கு. நீங்களே முந்திக்கிட்டு மேலிடத்துக்குப் பேசுங்க."

அருணா எழுதிக் கொடுத்தார். பிறகு வெளியே போய்ப் போனில் கால் மணி நேரம் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டார் என்பதுதான் சரி. அதற்குள் ஏணியில் இருந்தவன், கழற்றிய ஸ்குரூவைத் திருப்பி மாட்டினான். கோணலாக இருக்கிறது என்று சுஜாதா அவனை மூன்று முறை ஏறி இறங்க வைத்தாள். அந்த அதிகாரக் குரலைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அருணா திரும்பி வந்தார். "வேலை இருக்கு. ஆனா ஆய்வை முதல்லருந்து பண்ணணுமாம். விலையும் திரையும் அதுக்கப்புறம்தான் முடிவு. நாளைக்குள்ள நாற்பது பேர். நிஜமான ஆளுங்க."

"எனக்கெல்லாம் நாப்பதாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா தர முடியாது, எழுதிக்க" என்றாள் அன்னக்கொடி. தொப்பிக் கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு விலை சொல்லத் தொடங்கியது. ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. அக்கா முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"இங்க பதினொண்ணு. வீரணன் அண்ணனோட பன்னெண்டு. மிச்ச இருபத்தெட்டுப் பேரும் மேல தோட்டங்கள்லதான் இருக்காக. காலையில ஆறு மணிக்கு இனியவன் ஜீப்பு வரும்."

அருணாவின் கண் ஜன்னல் வழியாக மலைக்குப் போனது. சுஜாதா மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுக் காகிதப் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவளுக்குள்ளும் கொஞ்சம் குசும்பு இருந்திருக்கிறது.

"மொத்தம் எத்தனை வளைவு?" என்று ஈனக் குரலில் கேட்டார் அருணா.

"பதினேழு மேடம்" என்றேன்.

வீரணன் முகம் சுளித்தார். பையிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்தார், யோசித்தார், இன்னொன்றையும் சேர்த்து மூன்றாக அருணா கையில் வைத்தார்.

"எதுக்கும் ஒண்ணு சேத்தே வச்சுக்க தாயி. பதினெட்டு."